கேற்றடி வரைக்கும் முப்பது மீற்றர்

1

இந்தக் கதை ஒரு கேபிளிலிருந்து தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காத்தான்குடியில் நிஸ்தார் கடை வைத்திருக்கிறான். கைபேசி, கணினி, விளையாட்டுப் பெட்டி எல்லாம் திருத்துவான், விற்பான். உயர்தர வகுப்புக் காலத்தில் ரியூசனில் எனக்குப் பக்கத்தில் இருந்தவன். மாதம் ஒருமுறை அவன் கடையில் போய்ச் சும்மா இருப்பேன். சென்ற மாதம் போனபோது சொன்னான்:

"மச்சான், போன கிழமை ஒரு அக்கா வந்தா. வவுணதீவில இரிந்து. முப்பது மீற்றர் கேபிள் கேட்டா. ஏன்க்கா இவ்வளவு நீளம் எண்டன். ரவுட்டர வாசல் கேற்றடிக்குக் கொண்டு போகணுமாம்."

"கேற்றடியில என்ன?"

"புருசன் கையில வச்சு கேம் விளையாடுறாராம். பெட்டி ஹோலுக்க கிடக்கும். இது கையில. வைபை போற இடம் வரைக்கும்தான் படம் வரும். அதால கேற்றடிக்கு வைபை போகணுமாம்."

"விளங்கல்ல."

"எனக்கும்தான் விளங்கல்ல. போகக்குள்ள திரும்பி நிண்டு ஒண்டு கேட்டா. 'தம்பி, ஒரேயடியா அங்க கொண்டு போகாம நாளுக்குக் கொஞ்சமாக் கொண்டு போகலாமா' எண்டு."

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மிச்சம் என் பொறுப்பு.

2

முதல் தொடக்கம்:

"கனகசூரியம் வயலுக்குப் போவதை நிறுத்திய அன்று வானம்—"

வேண்டாம். வானம் எப்போதும் முதல் வரிக்குத் தயாராக இருக்கிறது. அதற்கு ஓய்வு கொடுக்கலாம்.

இரண்டாவது தொடக்கம்:

"தெய்வமணியிடம் மூன்று ஆண்கள் இருந்தார்கள். ஒருவன் கட்டாரில், ஒருவர் வளவில், ஒருவர் திரையில்."

இது அழகாக இருக்கிறது. அதனாலேயே வெட்டினேன். அவளுக்கு இருப்பது ஒரு மகன், ஒரு கணவர். மூன்றாமவர் என் கைவேலை.

மூன்றாவது தொடக்கம் கீழே. இதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை. ஆனால் நிற்கிறது.

3

மகன் கிரிசாந்த் கட்டாருக்குப் போகும்போது தன் விளையாட்டுப் பெட்டியை ஹோலில் ரீவிக்குக் கீழே விட்டுவிட்டுப் போனான். விற்கச் சொன்னான். யாரும் விற்கவில்லை. ஒரு நாள் அவனுடைய அப்பா கனகசூரியம் அதைப் போட்டார். வயல் செய்யும் விளையாட்டு ஒன்று அதில் இருந்தது. வெளிநாட்டு வயல். பெரிய உழவு இயந்திரம். கோதுமையோ என்னவோ.

பின்னேரம் ரீவியில் தெய்வமணிக்கு நாடகம். அதே நேரத்தில் அவருக்கு உழவு. ஒரு கிழமை இழுபறிப்பட்டார்கள். கிரிசாந்த் கேள்விப்பட்டு, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு கருவியைக் கொடுத்தனுப்பினான். நடுவில் திரை, இரு பக்கமும் பிடி. ஹோலில் இருக்கும் பெட்டி ஓடும். படம் வைபையில் வந்து கைக்குள் விழும். ரீவி அம்மாவுக்கு, இது அப்பாவுக்கு என்றான். பிரச்சினை தீர்ந்தது.

பிறகு அவர் அதை விட்டுக் கீழே வைக்கவில்லை. காலையில் மாட்டுக் கொட்டிலடி. பத்து மணிக்கு மேல் கிணற்றடி. சாப்பிட்டபின் பின் விறாந்தை. எங்கே நிழல் விழுகிறதோ அங்கே கதிரை போகும். வளவின் மேற்கு மூலையில் இருக்கும் தென்னை வரை படம் வரும். அதற்கு அப்பால் நின்றுவிடும். தென்னைக்கு அப்பால் அவரும் போவதில்லை.

உன்னிச்சையில் அவர்களுக்கு நாலு ஏக்கர் வயல் இருக்கிறது. இரண்டு மாதமாக அவர் அங்கே போகவில்லை.

4

ஏன் போகவில்லை என்பதை நான் சொல்ல வேண்டும். வாசிக்கிறவர் கேட்பார்.

வெள்ளம் என்று எழுதிப் பார்த்தேன். இந்தப் பக்கத்தில் எந்தக் கவலைக்கும் வெள்ளம் பொருந்தும். ஆகவே அது எதையும் விளக்காது.

யானை என்று எழுதினேன். காவல் பரண், யானை, செத்துப்போன கூட்டாளி. ஒரு பந்தி நன்றாகவே வந்தது. பிறகு யோசித்தேன். அப்படி ஒன்று நடந்திருந்தால் தெய்வமணிக்குத் தெரிந்திருக்கும். காரணம் தெரிந்தவள் அந்தக் காரணத்தோடு பேசுவாள். கேபிள் வாங்கப் போகமாட்டாள்.

ஆகவே இருவரையும் பேச விட்டேன்.

"என்ன செய்யுது உங்களுக்கு?"

"ஒண்டும் செய்யல்ல."

"காய்ச்சல் கீய்ச்சலா?"

"இல்ல."

"பின்ன?"

"களைப்பாக் கிடக்கு, மணி."

"அப்ப கொஞ்சம் படுத்து எழும்புங்க."

"நித்திரைக் களைப்பில்ல."

இதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடமும்தான். ஐம்பத்து நாலு வயது. இருபத்தாறு வருடமாக அதே வயலை உழுது, விதைத்து, வெட்டி, திரும்ப உழுதவர். நான் நாலு நாள் காத்திருந்தேன். வேறு காரணம் வரவில்லை. இதை வைத்துக்கொண்டே போகிறேன்.

5

(இந்தப் பகுதியை அடிக்குறிப்பாகத்தான் வைத்திருந்தேன். அடிக்குறிப்பை யாரும் வாசிப்பதில்லை. ஆகவே மேலே கொண்டுவந்தேன்.)

வீடு தெய்வமணியுடையது. வயலும் அவளுடையது. இரண்டும் அவளுடைய அம்மா வழியில் சீதனமாக வந்தவை. எங்கள் பக்கத்தில் வழக்கம் அப்படி: ஆண்தான் கலியாணம் முடித்துப் பெண்ணின் வீட்டுக்கு வருகிறான். கனகசூரியம் இருபத்தெட்டு வயதில் ஒரு சூட்கேசோடு இந்த வளவுக்குள் வந்தார். அன்றிலிருந்து வயலைச் செய்வது அவர். காணி உறுதிப் பத்திரத்தில் இருப்பது அவள் பெயர்.

இருபத்தாறு வருடத்தில் அவள் ஒருமுறைகூட "என்ட வயல்" என்று சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதற்கு ஒரு கவனம் வேண்டும். "நம்மட வயல்" என்பாள். வேலிச் சண்டைக் கோபத்தில்கூட "நம்மட".

அதனால்தான் அவளால் இப்போது "வயலுக்குப் போங்க" என்று சொல்ல முடியவில்லை. வேறு யாரும் சொன்னால் அது ஒரு சொல். அவள் சொன்னால் அது சொந்தக்காரியின் கட்டளை.

6

ஒரு பின்னேரம் தெய்வமணி ரிமோட்டில் தவறிப்போய் வேறு பொத்தானை அழுத்தினாள். நாடகம் போய்விட்டது. திரையில் ஒரு வயல்.

முதலில் விளம்பரம் என்று நினைத்தாள். பசளை விளம்பரமாக இருக்கலாம். பச்சை நிற உழவு இயந்திரம் ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் கறுப்பு மண் புரண்டது. பாட்டு இல்லை. யாரும் பேசவில்லை.

கிணற்றடியில் அவர் இருமினார். திரையில் இயந்திரம் நின்றது. இருமல் ஓய்ந்தது. இயந்திரம் நகர்ந்தது.

அவள் கையில் இருந்த முருங்கை இலைக் கொப்பைக் கீழே வைத்தாள்.

கையில் வைத்திருப்பவர் தனியாகத்தான் விளையாடுகிறார் என்று எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் படம் பிறப்பது ஹோலில் இருக்கும் பெட்டிக்குள். ரீவியின் அந்தப் பொத்தானை அழுத்தினால், கிணற்றடியில் அவர் காண்பதையெல்லாம் ஹோலில் இருந்து காணலாம். (நிஸ்தார் சொன்னது. நான் விளையாடுவதில்லை.)

அன்றிலிருந்து அவள் நாடகம் பார்க்கவில்லை. ஒலியை அடைத்துவிட்டு இதைப் பார்த்தாள். அவர் வயல் செய்வதை இவ்வளவு நேரம் அவள் ஒருபோதும் பார்த்ததில்லை. சோறு கொண்டு போவாள், வரம்பில் வைப்பாள், பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். இப்போது பார்த்தாள். வரிகள் நேராக விழுந்தன. மூலையில் திரும்பும்போது இயந்திரம் ஒரு கணம் யோசித்தது. அவர் நடக்கும்போதும் அப்படித்தான் திரும்புவார்.

மூன்றாம் நாள் ஒன்றைக் கவனித்தாள். உழவு முடிந்தது. மண் கட்டி உடைத்து முடிந்தது. அடுத்தது விதைப்பு. விதைக்கும் பொறி வயலோரத்தில் நின்றது. இயந்திரத்தை அதன் அருகில் கொண்டுபோய் நிறுத்தினார். அப்படியே விட்டார். பிறகு திரை கறுத்தது.

மறுநாள் அதே வயல் உழாத வயலாக இருந்தது. முதல் நாள் செய்ததைச் சேமிக்காமல் அணைத்திருந்தார். பழைய இடத்திலிருந்து திரும்பவும் உழத் தொடங்கினார்.

அதற்கு அடுத்த நாளும்.

"அவர் உழவுக்குக் களைக்கவில்லை, விதைப்புக்கு—" என்று ஒரு வசனம் எழுதி நிறுத்தினேன். அதை முடிக்க எனக்கு உரிமை இல்லை. தெய்வமணியும் முடிக்கவில்லை. பார்த்தாள்.

7

திங்கட்கிழமை அழகரத்தினம் வந்தான். வயலில் பக்கத்துத் துண்டுக்காரன். மோட்டார் சைக்கிளைக் கேற்றடியில் விட்டுவிட்டு வந்து முற்றத்தில் நின்றான்.

"அக்கா, அண்ணன் எங்க? வெளிநாட்டு வயல்லயா?"

"கிணத்தடியில."

"அங்க மழை எப்பிடியாம்?"

"நீயே போய்க் கேள்."

"போன்ல கேட்டனான். 'ம்' எண்டார். அங்கயும் தண்ணி திறந்துவிட வட்டை விதானை இரிக்காரா எண்டன். அதுக்கும் 'ம்'."

அவள் சிரித்தாள். சிரித்தபின் களைப்பு கூடியது போல இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டாள். அவன் இருக்கவில்லை.

"அக்கா, குறை நினைக்கக் கூடா. சிறுபோகத்துக்குத் தண்ணி விட்டாச்சு. நம்மட வட்டைக்கு வெள்ளிக்கிழமைதான் கடைசி விதைப்பு எண்டு விதானை சொல்லிட்டார். பிந்தினா கடைசித் தண்ணி கிடையா. உங்கட துண்டையும் சேர்த்து உழுது மட்டம் அடிச்சு வச்சிட்டன்."

"உன்ன யார் உழச் சொன்ன?"

"ஒத்தரும் சொல்லல்ல. நடுவில ஒரு துண்டு பத்தையாக் கிடந்தா எலி என்ட வயலுக்குள்ளதான் வரும்."

அவள் கிணற்றடிப் பக்கம் பார்த்தாள்.

"வெள்ளி காலம்புற அண்ணன் விதைநெல்லோட வந்து வரம்பில நிண்டா, அது அவர்ர வயல். நான் வாய் திறக்கல்ல. வராட்டி நான் விதைக்கிறன். மூணு வருசத்துக்குக் குத்தகை எழுதுவம். கையெழுத்து நீங்கதான் வைக்கணும்."

"மூணு வருசமா?"

"ஒரு போகத்துக்கெண்டு ஆர்க்கா எடுப்பான்? பசளையப் போட்டு மண்ணத் திருத்திட்டு விட்டுட்டுப் போறதா?"

அவன் கெட்டவன் அல்ல. இதை நான் எழுத வேண்டியிருக்கிறது. இந்த மாதிரிக் கதைகளில் குத்தகை கேட்டு வருகிறவனை வாசகர்கள் உடனே தீர்மானித்துவிடுகிறார்கள். அவன் சொன்னதெல்லாம் சரி. தெய்வமணிக்கும் அது தெரியும். அதுதான் கஷ்டம்.

மூன்று வருடம் கழித்துக் கனகசூரியத்துக்கு ஐம்பத்தேழு. வயலில்லாமல் மூன்று வருடம் வளவுக்குள் இருந்த ஒருவர் ஐம்பத்தேழில் வரம்புக்குத் திரும்பிப் போவாரா? கையெழுத்து வைத்தால் அவள் வயலைக் கொடுக்கவில்லை. அவரைத்தான் கிணற்றடிக்கு எழுதிக் கொடுக்கிறாள்.

"வியாழன் பின்னேரம் சொல்றன்" என்றாள்.

"வெள்ளி காலம்புறயே சொல்லுங்க. ஆறரைக்கு வாறன்."

8

அன்று மகனுக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, அந்த வைபைப் பெட்டியக் கேற்றடிக்குக் கொண்டு போனா அப்பாட படம் அங்க வருமா?"

"அங்க ஏன்?"

"அங்க காத்து நல்லம்."

"ரவுட்டரத் தூரக் கொண்டு போனா ஹோல்ல இருக்கிற பெட்டிக்குத் தொடர்பு விட்டிரும்மா. ரெண்டையும் கேபிளால கட்டணும். முப்பது மீற்றர் வேணும். ஆனா வெளிச்சத்தில ஸ்கிரீன் சரியாத் தெரியாது."

"தெரிஞ்ச அளவு போதும்."

"அம்மா, அப்பா சுகமா இருக்காரா?"

"இருக்கார். வேலை செய்யிறார்."

(ரெண்டையும் கட்டணும் என்பதை வைத்து ஒரு பந்தி எழுதினேன். கணவன், மனைவி, இடையில் ஒரு கேபிள். வெட்டிவிட்டேன். கேபிள் கேபிளாகவே இருக்கட்டும்.)

செவ்வாய்க்கிழமை காத்தான்குடிக்குப் போனாள். நிஸ்தார் சொன்ன காட்சி இங்கே வருகிறது. அதை நீங்கள் ஏற்கனவே வாசித்துவிட்டீர்கள்.

பின்னேரம் கேற்றடிக் கொட்டிலைத் திறந்தாள். லான்ட்மாஸ்டர் என்கிற கை உழவு இயந்திரம் நிற்கும் கொட்டில். இரண்டு மாதமாக அவர் அதற்குள் காலடி வைக்கவில்லை. சில்லில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. விதைநெல்லை நீலப் பீப்பாவில் கொட்டி, கிணற்றிலிருந்து பன்னிரண்டு வாளி தண்ணீர் சுமந்து ஊற்றினாள்.

"என்னத்துக்குத் தண்ணி?" கிணற்றடியிலிருந்து கேட்டார். தலை நிமிரவில்லை.

"கழுவ."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நெல்லை ஒரு நாள் ஊறப்போட்டு, வடித்து, சாக்கில் கட்டி, மூடி வைத்தால் முளை வரும். வந்தபின் அது காத்திருக்காது. முளை வெள்ளைப் புள்ளியாக இருக்கும்போதே சேற்றில் விழ வேண்டும். நீண்டால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அள்ளி வீச முடியாது. நெல்லை ஊறப்போடுவது திகதி குறிப்பது போல. இந்த வீட்டில் அதை எப்போதும் செய்தவர் கனகசூரியம். தெய்வமணி முதல் தடவையாகச் செய்தாள்.

9

புதன். ரவுட்டரை ஹோலிலிருந்து முன் ஜன்னலுக்கு மாற்றினாள்.

பத்து மணிக்கு அவர் கிணற்றடியில் கதிரையைப் போட்டார். கருவியை ஒருமுறை ஆட்டினார். உயரப் பிடித்தார். எழுந்து, கதிரையைத் தூக்கிக்கொண்டு முன் விறாந்தைக்கு வந்தார். அவள் பார்க்காதவள் போல அரிசி புடைத்தாள். பின்னேரம் நெல்லை வடித்து, இரண்டு சாக்கில் கட்டி மூடினாள்.

வியாழன். கரண்டுக்கு நீட்டு வயர் ஒன்றைச் சொருகி, ரவுட்டரை முற்றத்துத் தேசி மரத்தடிக்குக் கொண்டுபோனாள். வாளியைக் கவிழ்த்து அதற்குள் வைத்தாள். கேபிள் முற்றத்துக் குறுக்கே வளைந்து வளைந்து கிடந்தது.

அவர் தேசி மரத்தடிக்கு வந்தார்.

"இண்டைக்கு இதில நல்லா எடுக்குது" என்றார்.

"அப்பிடியா."

"ஓம்."

இந்த இடத்தில் எனக்குக் கனகசூரியத்தின் மேல் சந்தேகம் வந்தது. இவருக்கு உண்மையிலேயே தெரியாதா? வயலில் ஒரு நண்டு வரம்பைத் துளைத்தால் இருபது மீற்றர் தூரத்தில் நின்று கண்டுபிடிக்கிற ஆள். முற்றத்தில் கவிழ்த்த வாளி. அதிலிருந்து ஒரு வயர். நான் இவரை முட்டாளாக்கிக்கொண்டிருக்கிறேனா? தெய்வமணியைக் கெட்டிக்காரியாக்க இவரைக் குருடாக்குகிறேனா?

ஒரு பின்னேரம் எழுதாமல் விட்டேன். திரும்பி வந்து கீழுள்ள சில வரிகளை எழுதினேன். இந்தக் கதையில் நான் நம்பும் வரிகள் இவைதான்.

பின்னேரம் மாட்டைக் கட்டிவிட்டு வந்த தெய்வமணி முற்றத்தில் நின்றாள். கேபிள் வளைந்து கிடக்கவில்லை. வேலியோரமாக, மண்ணில் கோடு கீறி, அதற்குள் இறக்கி, மேலே மண் தள்ளி மூடப்பட்டிருந்தது. தேசி மரத்தடி வரை நூல் பிடித்தது போல நேராக. மரத்தடியோடு அது நிற்கவில்லை. மிச்சக் கேபிளுக்கான கோடும் கேற்றடிக் கொட்டில் வாசல் வரை கீறப்பட்டிருந்தது.

"மாடு மிதிச்சுப்போடும்" என்றார் அவர். திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவள் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

10

வெள்ளி, காலை ஆறு மணி.

ரவுட்டர் கொட்டிலுக்குள், லான்ட்மாஸ்டருக்கு மேலே தட்டில் இருக்கிறது. இரண்டு சாக்கு விதைநெல் ஒன்றின்மேல் ஒன்றாகப் பலகையில் கிடக்கிறது. மேலே ஈரச் சாக்கு. அவள் ஐந்து மணிக்கே வந்து கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். வெள்ளைப் புள்ளி எல்லாவற்றிலும் தெரிந்தது. சில நெல்லில் புள்ளி இல்லை, முனை. சாக்குக்குள் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி போலச் சூடு.

கொட்டிலில் இருந்த ஒரே கதிரையை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்குள் வைத்தாள்.

(முதல் பிரதியில் அவர் வந்து சாக்கின்மேல் உட்காருகிறார். சூடு ஏறி, திடுக்கிட்டு எழுகிறார். நல்ல காட்சி என்று நினைத்தேன். வவுணதீவில் வயல் செய்யும் ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். வரியைக் கேட்டதும் என்னைப் பார்த்தார். "விதைநெல்லில ஆரும் குந்துவானா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு இரண்டு நாள் வெட்கமாக இருந்தது.)

அவர் வந்தார். கையில் கருவி. கொட்டில் வாசலில் நின்றார். கதிரையைத் தேடினார். இல்லை. உள்ளே வந்தார். சாக்குகளைப் பார்த்தார். லான்ட்மாஸ்டரில் சாய இடமிருந்தது. அவர் சாக்குப் பக்கம் போய், நின்றபடியே முழங்கையை மேல் சாக்கில் ஊன்றினார். திரையைப் பார்த்தார்.

இவ்வளவையும் தெய்வமணி ஜன்னலால் பார்த்தாள். பிறகு ஜன்னலை விட்டுப் போனாள். ஒருவரின் முகத்தை அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. ஹோலுக்குள் வந்து, ரீவியைப் போட்டு, அந்தப் பொத்தானை அழுத்தினாள்.

நேற்று உழுது முடித்த வயல், இம்முறை அழியாமல் அப்படியே இருக்கிறது. வயலோரத்தில் விதைக்கும் பொறி. அதனருகில் இயந்திரம் நிற்கிறது.

அசையவில்லை.

விளையாட்டில் ஒன்றையும் தொடாமல் விட்டால் உலகம் நிற்காது என்று நிஸ்தார் சொல்லியிருக்கிறான். சூரியன் நகரும். தெய்வமணி அதைத்தான் பார்க்கிறாள். இயந்திரத்தின் நிழல் உழுத வரிகளின்மேல் கொஞ்சம் கொஞ்சமாக நீள்கிறது.

11

முடிவுகள். மூன்று எழுதினேன்.

(அ) திரையில் இயந்திரம் நகர்கிறது. விதைக்கும் பொறியை மாட்டுகிறது. வெளிநாட்டு வயலில் விதை விழுகிறது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் அந்த இடத்தைத் தாண்டுகிறார். ஹோலில் இருந்து அதைப் பார்த்த தெய்வமணி எழுந்து, அலுமாரியைத் திறந்து, குத்தகை எழுதக் காணி உறுதியை எடுக்கிறாள்.

இதை எழுதியபின் நான் சாப்பிடவில்லை.

(ஆ) திரையில் ஒன்றும் அசையவில்லை. வெளியே லான்ட்மாஸ்டர் இரண்டு முறை இருமி, மூன்றாம் முறை பிடிக்கிறது. திரையில் நிழல் நீண்டுகொண்டே போகிறது. யாரும் அதைத் தொடுவதாக இல்லை.

இது எனக்குப் பிடித்தது. எனக்குப் பிடித்தது என்பதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

(இ) கரண்ட் போகிறது. திரை கறுக்கிறது. இனி அவளால் பார்க்க முடியாது. வாசலுக்குப் போய் வாயைத் திறந்து பேச வேண்டும். இருபத்தாறு வருடத்தில் பேசாத ஒன்றைப் பேச வேண்டும். அவள் வாசலுக்குப் போய், "இஞ்சேருங்க, என்ட—"

என்ட என்ன? வயலா, நெல்லா, ஆளா? அவள் எந்தச் சொல்லைச் சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. கரண்ட்டை நானே நிறுத்திவிட்டு அவளைப் பேச வைப்பதும் சரியாகப் படவில்லை.

12

நேற்று நிஸ்தார் போன் எடுத்தான்.

"மச்சான், அந்த அக்கா திரும்ப வந்தா."

"எப்ப?"

"முந்தாநாள். கேபிளோட."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"கேக்கியா? சொல்லட்டா?"

"வேணாம்."

"நல்ல விசயமெண்டா?"

"எண்டாலும் வேணாம்."

"அப்ப கெட்டதெண்டு நினைக்கியா?"

"ஒண்டும் நினைக்கல்ல. நீ சொன்னா அது அவட வீட்டு விசயமாப் போயிரும். நான் எழுதினது வேற ஒரு வீடு."

"நீ என்ன ஆளோ" என்றான் நிஸ்தார். "ஒரு கதைய எழுதுற, மறுகா நடந்தது வேணாமெங்கிற."

கொஞ்ச நேரம் கடைக்குள் யாரிடமோ விலை பேசினான். பிறகு, "சரி, எழுதி முடிச்சிட்டு எடு. அப்ப சொல்றன்" என்றான்.

முடிக்கவில்லை. ஆகவே எடுக்கவில்லை.

13

இனி உங்களிடம்.

நான் உங்களுக்கு ஒரு முடிவைத் தர மறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். களைத்துவிட்டேன். உழுதுவிட்டேன், கட்டி உடைத்துவிட்டேன், வரி நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டேன். அடுத்த வேலைக்கு முன்னால் நிற்கிறேன். கனகசூரியம் இப்போது எனக்குக் கொஞ்சம் விளங்குகிறார். காரணம் கேட்டு நாலு நாள் காத்திருந்தேன் என்று சொன்னேனே, அது தேவையில்லாத நாலு நாள்.

உங்களிடம் இருப்பது இவ்வளவு: கொட்டிலில் ஒருவர் சாக்கில் முழங்கையை ஊன்றி நிற்கிறார். ஹோலில் ஒருத்தி அசையாத படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இருவருக்கும் இடையில் முப்பது மீற்றர். அதில் பாதியை அவரே புதைத்தார். மிச்சத்துக்கும் அவரே கோடு கீறினார். ஊருக்கு வரும் வலையிறவுப் பாலத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் ஏறுகிறது. அது அழகரத்தினம். ஆறரைக்கு வருவான், பிந்துகிற ஆள் அல்ல.

எந்த முடிவை வேண்டுமானாலும் எடுங்கள். என்னைக் கேட்க வேண்டாம். ஆனால் பிறகு பார்க்கலாம் என்று புத்தகத்தை மூடி வைக்க ஏலாது. ஐந்து மணிக்குப் புள்ளியாக இருந்த முளை இப்போது எல்லாவற்றிலும் முனை. மத்தியானத்துக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

சாக்கு சூடாக இருக்கிறது. நான் கையை எடுத்துவிட்டேன்.